ஐந்து கால் வரவண்டு

ஜூன் 11

இந்த டைரி ஏதோ மருந்துக் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை மாதமாக இதன் மேல் வாணி காபி டம்ளர் வைத்துக்கொண்டிருந்தாள். இன்று துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்க. கோபம் வந்தா என்கிட்டக் கத்தாம இதுகிட்டக் கத்துங்க."

எனக்குக் கோபமே வராது. வருவதெல்லாம் நியாயமான ஆத்திரம். அது வேறு.

சரி, எழுதுவது யார் என்று முதலில் எழுத வேண்டுமாம். சிவசண்முகம். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் பல் லேப். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் செய்து திருப்பி அனுப்புவேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறார்கள். ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. போகட்டும்.

காலையில் டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். வாணிக்கு ஏழாவது மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது. ஆடி முடிகிற வரை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது, அதுவரை தாங்கிவிட்டால் பயமில்லை என்றார். போன இரண்டு தடவையும் இவ்வளவு தூரம்கூட வரவில்லை.

மதியம் பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்து இறங்கினார். வாணியின் அம்மா. பையைக் கீழே வைப்பதற்குள் சட்டம் போட்டுவிட்டார்.

"இந்தத் தடவை ஒண்ணும் வாங்கப்படாது மாப்ள. துணி, பொம்மை, ஒண்ணும். பேரு யோசிக்கப்படாது. அந்த வார்த்தையவே வாயில எடுக்கப்படாது. ஒறம்பரை வருதுன்னு மட்டும் வெச்சுக்கங்க. வந்து வாசல்ல நின்ன பொறவு மத்ததப் பார்த்துக்கலாம்."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. சரி, ஒறம்பரை. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் எழுதாமல் இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஜூன் 13

வாணி 'இருள்மீன் கோட்டை' நாவலை ஐந்தாவது முறையாக ஆரம்பித்துவிட்டாள். நான்கு பாகம், ஒவ்வொன்றும் தலையணை. வயிற்றின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு படிக்கிறாள். புத்தகம் அவ்வப்போது தானாக ஆடுகிறது. ஒறம்பரைக்கும் கதை பிடித்திருக்கிறது போல.

நான் அந்த நாவலைப் படித்ததில்லை. படிக்கவும் தேவையில்லை, கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாள். அதில் வரும் கடற்கரை ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு வரவண்டு இருக்கும். உள்ளங்கை அளவு பித்தளை வண்டு. அந்த வீட்டை நினைத்து யாராவது கிளம்பிவிட்டால் அதன் சிறகு படபடக்கும். வாசலில் கால் வைத்த நொடியில் அதன் வயிற்றுக்குள் இருக்கும் மணி அடிக்கும். அதுவரைக்கும், தலைகீழாக நின்றாலும் அடிக்காது.

இன்று அவளுடைய வாசகர் குழுவில் சேலத்துக்காரன் ஒருவன், கீர்த்திவாசனாம், பிளாஸ்டிக்கில் வரவண்டு அச்செடுத்து விற்கிறேன் என்று படம் போட்டிருக்கிறான். பார்த்தேன். கரப்பான்பூச்சி. சத்தியமாகக் கரப்பான்பூச்சி.

"ஒண்ணு வாங்கிக்கட்டுங்களா?" என்றாள் வாணி, ஆசையாக.

"ஒண்ணும் வாங்கப்படாது!" சமையலறையிலிருந்து அத்தை.

"வாங்க மாட்டேன். செய்வேன்!" என்று நான் கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. மெழுகு இருக்கிறது, பித்தளை வார்க்க உலை இருக்கிறது, மெருகு போட மெஷின் இருக்கிறது. இருபது வருஷமாக அடுத்தவன் வாய்க்குள் ஒளித்து வைக்கிற வேலையைச் செய்கிறேன். ஒரு தடவையாவது மேஜை மேல் வைக்கிற மாதிரி ஒன்று செய்யக் கூடாதா?

ஜூன் 16

மெழுகில் வண்டு செதுக்கினேன். அடடா, என்ன வேகம், என்ன வழுவழுப்பு! பெனடிக்ட் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். லேபில் என்னோடு இருப்பவர். பல்லுக்கு மெருகு போடுவதும், டப்பாவில் வைத்துக் கட்டி வெளியூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அவர் வேலை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "சூப்பர் தம்பி. கீழ்க் கடைவாய்ப் பல்லு. இதுக்கு எதுக்குக் கால் வெச்சே?"

பார்த்தேன். கடவுளே. முதுகில் ஐந்து முகடு, நடுவில் பள்ளம், ஓரத்தில் சரிவு. கை தன் பாட்டுக்குக் கடைவாய்ப் பல்லைச் செதுக்கி வைத்திருக்கிறது.

வீட்டில் காட்டினேன். வாணி சிரித்தாள், அப்படிச் சிரித்தாள், கட்டில் ஆடியது. "சிரிக்காத கண்ணு, தையலு!" என்று அத்தை ஓடி வந்தார். வாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அடக்கினாள். அவள் சிரிப்பு நிற்கிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

ஜூன் 18

இரண்டாவது வண்டு. இது வண்டுதான். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் கோரைப்பல்.

ஜூன் 21

இன்று நடந்த அநியாயத்தை நான் எழுதியே ஆக வேண்டும்.

வண்டை வார்த்துவிட்டேன். மெழுகைச் சுற்றி அச்சு மாவைக் கரைத்து ஊற்றி உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும், அது இருந்த இடத்தில் பித்தளை போய் உட்காரும். பல்லுக்குச் செய்கிற அதே முறை. ஆறு கால். ஒவ்வொன்றிலும் மூன்று முட்டி, நுனியில் பிளந்த நகம். என் வாழ்க்கையில் இதைவிட நேர்த்தியாக எதையும் வார்த்ததில்லை. வாணியின் கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தாள். எண்ணினாள்.

"ஏங்க, ஆறு கால் இருக்குது."

"வண்டுக்கு ஆறுதானே?"

"கதாநாயகி அலைச்செல்வியோட வண்டுக்கு அஞ்சுதாங்க. ரெண்டாம் பாகத்துல கோட்டைப் படியில விழுந்து ஒரு கால் போயிருது. இடது பக்கம், கடைசிக் கால்."

"அப்ப இது முதல் பாகத்து வண்டு."

"முதல் பாகத்துல அது அடிக்கவே இல்லையே. கால் ஒடைஞ்சதுக்கு அப்புறந்தான், மூணாம் பாகத்துல, அவளோட புருசன் திரும்பி வர்றப்ப அடிக்குது." வாணி வண்டை என்னிடம் நீட்டினாள். "எனக்கு அடிக்கிற வண்டுதான் வேணும்."

மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றேன். துணியெல்லாம் காற்றில் என் முகத்தில் அடித்தது. நியாயமான ஆத்திரம். பிறகு இறங்கி வந்து அறுத்தேன். இடது பக்கம், கடைசிக் கால். கண்ணில் தண்ணீர் வந்தது. பித்தளைத் தூள்.

அறுத்த காலில் வாணி ஒரு நூலைக் கட்டிப் புத்தகத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டாள்.

ஜூன் 22

ஐந்து காலில் நிற்க மாட்டேன் என்கிறது. இடது பக்கம் சாய்கிறது. சாயட்டுமாம். புத்தகத்திலும் சாய்கிறதாம்.

ஜூன் 27

சிறகு 'செம்பவள நிறம்' என்று நாவலில் எழுதியிருக்கிறது. என்னிடம் இருப்பது பல்செட்டுக்கு அடியில் போடுகிற ரோஸ் நிறத் தூள். அதையே கரைத்து இரண்டு சிறகு செய்து கொண்டுவந்தேன்.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஏனுங் மாப்ள, ஈறு கலர்ல வண்டு எங்காச்சும் பார்த்திருக்கீங்களா?"

"பவளங்க அத்தை."

"பவளம் எனக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லி, தன் பல்செட்டைக் கழற்றிச் சிறகு பக்கத்தில் வைத்தார். போன வருஷம் நான் செய்து கொடுத்த அதே செட். அச்சு அசல் ஒரே நிறம். வண்டு பறந்து போய் அத்தையின் வாயில் உட்கார்ந்தால் அடையாளமே தெரியாது.

வாணி தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். நான் கொஞ்சம் சிவப்புச் சாயம் கலந்து மறுபடி செய்தேன். இப்போது ஈறு வீங்கின மாதிரி இருக்கிறது. இதற்கு மேல் முடியாது.

ஜூலை 2

ஸ்கேன். டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்தார். பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எழுத ஒன்றுமில்லை. லேபுக்குப் போய் வண்டின் வயிற்றைத் தேய்த்தேன்.

ஜூலை 3

நன்றாக இருக்கிறதாம்! எடை சரி, தண்ணீர் சரி, எல்லாம் சரி! ஒறம்பரை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்ததால்தான் நேற்று அவ்வளவு நேரமாம். என் வீட்டு ஆள், பின்னே எப்படி இருக்கும்!

நேற்றுத் தேய்த்த தேய்ப்பில் வண்டின் வயிறு கண்ணாடியாகிவிட்டது. என் மூஞ்சி தெரிகிறது. இளித்துக்கொண்டிருக்கிறது. பெனடிக்ட் அண்ணனுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

ஜூலை 9

வண்டின் தலையில் ஒரு சின்ன முகப்பு இருக்க வேண்டும். முள் ஒன்று. 'தூரம்', 'பக்கம்', 'வாசல்' என்று மூன்று வார்த்தை. முகப்பின் நிறம் 'பழைய தந்தம்'. இதற்கு நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பல்லின் நிறம் பார்க்கிற மாதிரிப் பற்கள் ஒரு பட்டையே வைத்திருக்கிறேன். வாணியின் மடியில் பரப்பி வைத்தோம். ஏ-டூ நிறம் போதும் என்றாள். ஏ-டூ எல்லாம் காலேஜ் பையனின் பல். பழைய தந்தம் என்றால் ஏ-த்ரீ-அண்ட்-ஹாஃப், வெற்றிலை போடாத, காபி குடிக்கிற, ஐம்பத்தைந்து வயது. அரை நாள் சண்டை. நான் ஜெயித்தேன். இந்த வீட்டில் முதல் முறை.

முள்ளைத் 'தூரம்' பக்கம் வைத்து ஒட்டாமல் விட்டிருக்கிறேன். கையால் நகர்த்தலாம்.

ஜூலை 14

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் சாவி கொடுக்கிற அலாரம் டைம்பீஸ் ஒன்று கிடைத்தது. குடலை உருவி வண்டுக்குள் வைத்தேன். சாவி கொடுத்ததும் டர்ர்ர்ரென்று சிறகு இரண்டும் அடித்துக்கொண்டது பாருங்கள்! மேஜையிலிருந்து நகர்ந்து, சாய்ந்து சாய்ந்து, ஐந்து காலில் நடந்து வந்து என் கை மேல் ஏறியது! நான் அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன். வாணி கட்டிலில் கை தட்டினாள். அத்தை, "ரெண்டுக்கும் கெரகம் புடிச்சுப்போச்சு" என்றார். அவரும் பார்க்க வந்து மூன்று தடவை சாவி கொடுக்கச் சொன்னார்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. காற்று பேய் மாதிரி அடிக்கிறது. லேபில் கதவைத் திறந்தால் மாவு பறக்கிறது.

ஒரு விசித்திரம். வண்டின் முள் 'தூர'த்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வாணி இறங்கி வந்திருக்க முடியாது. அத்தையைக் கேட்டேன். "உங்க வண்ட நான் எதுக்குங் தொடறேன்? எனக்கு வேற சோலி இல்லீங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

ஜூலை 19

மணிதான் அமையவில்லை. சைக்கிள் மணி கரகரக்கிறது. கொலுசு மணி கேட்கவே மாட்டேன் என்கிறது. ஆட்டு மணி போட்டால் ஆடு வந்த மாதிரி இருக்கிறது. பூஜை மணியின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், அத்தை முறைத்தார்.

கடைசியில் பரண் மேல் ஏறினேன். அங்கே ஒரு பழைய சாமான் கிடக்கிறது, நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் அவசரப்பட்டு வாங்கியது. இதுவரை யாரும் உபயோகிக்கவில்லை. கவரைப் பிரித்தேன். மேல் கம்பியில் சின்ன வெண்கல மணி இரண்டு தொங்கின. ஒன்றைக் கழற்றிக்கொண்டு மறுபடி மூடி வைத்துவிட்டேன். அளவு கனகச்சிதம்.

ஜன்னலோரம் நின்று ஒரு சுண்டு சுண்டினேன். கிணிங் என்றது. உள்ளே புத்தகத்தின் பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றது.

"ஏங்க." வாணியின் குரல். "அந்த மணியா?"

"எந்த மணி?"

மறுபடி பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல. சத்தம் நல்லாருக்குது. அதையே வைங்க."

அத்தை எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமலே. இரண்டு பங்கு சர்க்கரை.

ஜூலை 24

அடிக்க மாட்டேன் என்கிறது! சிறகு படபடக்கிறது, உள்ளே சுத்தியல் துடிக்கிறது, ஆனால் அதைப் பிடித்து நிறுத்துகிற கொண்டி விட மாட்டேன் என்கிறது. அரத்தால் தேய்த்தேன். எண்ணெய் விட்டேன். கெஞ்சினேன். கெட்ட வார்த்தை சொன்னேன். ஒரு கிணிங் கூட இல்லை.

வாணிக்கு ஒரே குஷி. "அப்படித்தாங்க இருக்கோணும்! ஒறம்பரை வராம அது எப்படி அடிக்கும்?"

"இது கொண்டிக் கோளாறு வாணி."

"நீங்க கொண்டின்னு சொல்லுங்க. நான் கதைன்னு சொல்றேன்."

இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது? கொண்டியைச் சரிசெய்யாமல் விட மாட்டேன். அது அடித்தே ஆக வேண்டும். ஏன் என்று என்னைக் கேட்காதே, டைரியே.

ஜூலை 28

முள் இப்போது 'பக்க'த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் பால் வாங்கப் போய்விட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்தேன். மேஜை முன்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார். சுண்டுவிரலால் முள்ளை ஒரு எள்ளளவு தள்ளினார். பிறகு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் மறுபடி வெளியே போய், செருப்பைச் சத்தம் வரத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 1

வாசகர் குழுவில் வண்டின் படத்தைப் போட்டாள் வாணி. சேலத்து மகராசன் உடனே வந்துவிட்டான். 'அருமை. ஆனால் ஒரு கால் குறைகிறதே?'

அவ்வளவுதான். ரெண்டாம் பாகம் படிச்சியா, கோட்டைப் படி தெரியுமா, நீயெல்லாம் ஒரு வாசகனா என்று குழுவே அவன் மேல் ஏறி மிதித்துவிட்டது. வாணி ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். நான் மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5

கொண்டியைக் கடைசியாக ஒரு இழை தேய்த்துப் பார்க்க வண்டை லேபுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் வரை மல்லுக்கட்டு. அடிக்கவில்லை. பல் அனுப்புகிற வெள்ளை டப்பா ஒன்றில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டேன். முழுக்கச் சாவி கொடுத்த நிலையில் அப்படியே இருக்கிறது. நாளை பார்த்துக்கொள்கிறேன். ஆடி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

எழுத்து கோணலாக வரும். வரட்டும்.

காலையில் லேப் மேஜை மேல் இரண்டு வெள்ளை டப்பா. ஒன்றில் வண்டு. இன்னொன்றில் உடுமலைப்பேட்டை டாக்டர் திருமூர்த்திக்குப் போக வேண்டிய முழு செட். யாரோ பட்டிமன்றப் பேச்சாளருக்காம், சாயங்காலம் அவருக்கு மேடை, பல் வந்தால்தான் பேச்சு. பெனடிக்ட் அண்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"மாப்ள." அத்தை. "வாணிக்கு வலி கண்டிருச்சு. ஆட்டோ சொல்லியாச்சு. வாங்க."

டப்பாவை எடுத்தேன், ஓடினேன். வண்டியை ஓட்டினேனா, பறந்தேனா, தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் வாணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "வண்டு எங்கீங்க?"

டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

"கையிலயே வெச்சிருங்க. அடிச்சா எனக்குச் சொல்லோணும்."

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். பெஞ்சில் நானும் அத்தையும். பத்து நாள் முன்னாடியே வருகிறது. பத்து நாள் ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்னார். அதைச் சிரிக்காமல் சொன்னார். எழுதிவிடுகிறேன், இனி என்ன: எனக்குப் பயம். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பயம். வண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிற நேரம் மட்டும்தான் கொஞ்சம் மறந்திருந்தது. அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. டப்பாவைத் திறந்தேன்.

மேல் வரிசை, கீழ் வரிசை, ரோஸ் ஈறோடு, என்னைப் பார்த்து ஒரு முழுச் செட் பல் சிரித்தது.

"அய்யோ சாமி!" அத்தை பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "வண்டு பல்லாப் போச்சே!"

பெனடிக்ட் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "தம்பி... அப்ப நான் பஸ்ஸில ஏத்திவிட்டது?"

பஸ் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டு இந்நேரம் உடுமலைப்பேட்டையில் இறங்கியிருக்கும். இதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் கிடையாது, பித்தளையும் பழைய டைம்பீஸும்தான், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கையில் பல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளிடம் என்னவென்று சொல்வேன்? அடிச்சா சொல்லுங்க என்றாளே. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி போன். டாக்டர் திருமூர்த்தி. எடுத்ததும் கத்தினார், நல்லவேளை காது கிழியவில்லை.

"என்னய்யா அனுப்பியிருக்கே? பேஷண்ட் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்காரு, டப்பாவத் தொறந்தா வண்டு! தொட்டதும் றெக்கைய அடிக்குது, ட்ரே மேல நடக்குது, மணி வேற அடிக்குது! நிக்கவே மாட்டேங்குது! எப்படிய்யா இத நிறுத்தறது?"

அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது. கிணிங், கிணிங், கிணிங், கிணிங்.

"நிறுத்தாதீங்க சார்!"

"என்னது?"

"நிறுத்தாதீங்க! கும்பிட்டுக் கேக்கறேன். போனை அது பக்கத்துல வைங்க சார்!"

பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனால் வைத்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தைக்கும் எனக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அந்த மணிச் சத்தம். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த மணி தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தவர் அவர்தான்.

கிணிங், கிணிங், கிணிங். சாவி தீர்ந்து மெல்ல மெல்ல அடங்கியது. அது அடங்குவதற்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சத்தம் கிளம்பியது. அதற்குச் சாவியும் இல்லை, கொண்டியும் இல்லை. வீல் வீல் என்று, அடேயப்பா, என்ன ஆத்திரம்! நியாயமான ஆத்திரம்!

நர்ஸ் கதவைத் திறந்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. "வாணி வீட்டுக்காரர் யாருங்க? பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒறம்பரை வந்தாச்சு மாப்ள. வாசல்ல நிக்கறா."

வாணியைப் பார்க்க விட்டார்கள். களைத்துக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அடிச்சுதுங்களா?"

"அடிச்சுது."

"எனக்குக் கேக்கலையே. எங்க அடிச்சுது?"

"உடுமலைப்பேட்டையில" என்றேன்.

டப்பாவைத் திறந்து பல்லைக் காட்டினேன். அவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு சிரித்தாள். தலையணையைக் கடிக்காமல், வாயைப் பொத்தாமல், இரண்டு மாதமாக அடக்கி வைத்த அத்தனை சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். யாரும் சிரிக்காதே என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

பஸ் குலுக்கின குலுக்கலில் கொண்டி தளர்ந்திருக்கும், டாக்டர் கை பட்டதும் விட்டிருக்கும் என்கிறார் பெனடிக்ட் அண்ணன். இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

நேற்று மதியமே அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பல்லை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் தானே உட்கார்ந்து உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். பேச்சாளர் மேடை ஏறுவதற்கு அரை மணி முன்னால் பல் அவர் வாய்க்குள் போனதாம். அவர் தலைப்பை விட்டுவிட்டு வண்டுக் கதையைத்தான் முதலில் பேசினாராம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியதாம். அந்தப் புள்ளையப் பார்க்க நானே ஒரு நாள் வர்றேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும், வண்டு சொல்லும்.

ஆகஸ்ட் 10

வீட்டுக்கு வந்துவிட்டோம். வண்டும் வந்துவிட்டது. பிரயாணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில், அத்தை மேஜைக்குப் போய் முள்ளை 'வாசல்' வரைக்கும் தள்ளினார். "என்ன பார்க்கறீங்க?" என்று எங்களையே அதட்டினார்.

பிறகு என்னிடம், "பரண் மேல இருக்கறத இறக்குங்க மாப்ள" என்றார்.

இறக்கினேன். கவரைப் பிரித்துக் கழுவி வெயிலில் காய வைத்தேன். தொட்டில். எழுதிவிட்டேன் பார். ஒரு பக்கம் மணி இல்லை. கழற்றித் திரும்ப மாட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வண்டையே அந்தப் பக்கம் கட்டுங்கள் என்றாள் வாணி. கட்டினேன். அங்கேயும் இடது பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு வார்த்தை பாக்கி இருக்கிறது. பாப்பா. பாப்பா. பாப்பா. எழுதிப் பார்த்தேன், எழுத்து கோணவில்லை.

பாப்பா இப்போது தொட்டிலில் கிடந்து வண்டைப் பார்த்து ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். தொழில் பழக்கம், குனிந்து வாய்க்குள் பார்த்தேன். ஒரு பல் இல்லை, வெறும் ஈறு. ரோஸும் இல்லை, சிவப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ. இதைத்தான் அந்த நாவல் எழுதியவர் செம்பவளம் என்றிருக்கிறார். இருபது வருஷமாக நான் ஈறு நிறத்தைத் தப்பாகக் கலந்துகொண்டிருந்திருக்கிறேன். நாளைக்குச் சிறகை மாற்ற வேண்டும்.